எல்லை தாண்டும் புகாரை யார் விசாரிப்பது? உலக ஆம்புட்ஸ்மேன்கள் கைகோர்ப்பது ஏன்? - முழு விளக்கம்

அரசு அலுவலகம் ஒன்று உங்களை அலைக்கழித்தால் மேலே புகார் கொடுக்க ஏதாவது ஒரு இடம் இருக்கும். ஆனால் நடந்த தவறில் இரண்டு நாடுகளுக்குப் பங்கு இருந்தால்? ஒரு நாட்டு அரசுக்கும் ஒரு சர்வதேச அமைப்புக்கும் பங்கு இருந்தால்? 'அது எங்க வேலை இல்ல, அவங்ககிட்ட கேளுங்க' என்று ஆளாளுக்குக் கை காட்டினால், பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் நிற்பது?

2023ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி கிரேக்க நாட்டின் பைலோஸ் அருகே கடலில் 'அட்ரியானா' என்ற மீன்பிடிப் படகு மூழ்கியபோது இந்தக் கேள்விதான் எழுந்தது. லிபியாவில் இருந்து கிளம்பிய அந்தப் படகில் சுமார் 750 பேர் இருந்ததாகக் கூறப்படுகிறது. உயிருடன் மீட்கப்பட்டவர்கள் 104 பேர் மட்டுமே. கிரேக்கக் கடலோரக் காவல்படை, ஐரோப்பிய யூனியனின் எல்லைப் பாதுகாப்பு அமைப்பான ஃபிரான்டெக்ஸ் இரண்டுக்குமே படகு பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இந்தச் சம்பவத்தை விசாரித்தவர்களில் இரண்டு ஆம்புட்ஸ்மேன்களும் இருந்தார்கள். ஒருவர் ஐரோப்பிய யூனியனின் ஆம்புட்ஸ்மேன். இன்னொருவர் கிரேக்க நாட்டின் ஆம்புட்ஸ்மேன். ஆம்புட்ஸ்மேன் என்பவர் யார்? உலகம் முழுக்க இருக்கும் இந்த அமைப்புகள் ஒன்றோடொன்று ஏன் கைகோர்க்கின்றன? அதனால் சாதாரண மக்களுக்கு என்ன லாபம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆம்புட்ஸ்மேன் என்றால் யார்?

ஆம்புட்ஸ்மேன் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது வங்கி ஆம்புட்ஸ்மேன்தான். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது, வங்கியில் புகார் கொடுத்தும் 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 1995ஆம் ஆண்டு தொடங்கிய இந்தத் திட்டம் 2021 நவம்பரில் ஒருங்கிணைந்த திட்டமாக மாற்றப்பட்டது.

ஆனால் இந்தக் கட்டுரையில் பேசப்போவது வேறு வகை. இவர் வங்கிகளை அல்ல, அரசாங்கத்தையே கேள்வி கேட்பவர். இவரைப் பொது ஆம்புட்ஸ்மேன் அல்லது நாடாளுமன்ற ஆம்புட்ஸ்மேன் என்பார்கள். தமிழில் 'மக்கள் குறைதீர்ப்பாளர்' என்று சொல்லலாம்.

பெரும்பாலான நாடுகளில் இவரை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். அமைச்சருக்கோ, துறைச் செயலாளருக்கோ இவர் கட்டுப்பட்டவர் இல்லை. பென்ஷன் விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் பதிலே இல்லை, விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு உதவித்தொகையை மறுத்துவிட்டார்கள், ஒரே மாதிரியான இரண்டு பேருக்கு இரண்டு விதமான முடிவு, சிறையில் கைதியை மோசமாக நடத்துகிறார்கள்... இப்படிப்பட்ட நிர்வாகக் குறைபாடுகள்தான் இவரிடம் வரும். பொதுவாகப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை.

இவருக்குக் கோப்புகளைக் கேட்டு வாங்கலாம், அதிகாரிகளிடம் விளக்கம் கேட்கலாம், நேரில் போய்ப் பார்க்கலாம். ஆனால் நீதிமன்றம் மாதிரி பொதுவாக உத்தரவு போட முடியாது. 'இது தவறு, இப்படிச் சரிசெய்யுங்கள்' என்று பரிந்துரை செய்யலாம். அரசு கேட்கவில்லை என்றால் நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் அறிக்கை வெளியிடலாம். அவ்வளவுதான்.

இந்தப் பதவி எப்படி வந்தது?

ஆம்புட்ஸ்மேன் என்பது ஸ்வீடிஷ் மொழிச் சொல். பிரதிநிதி, இன்னொருவர் சார்பில் செயல்படுபவர் என்று பொருள். போரில் ரஷ்யாவிடம் தோற்ற ஸ்வீடன் மன்னர் 12ஆம் சார்லஸ், ஒட்டோமான் பேரரசில் தஞ்சம் புகுந்திருந்தார். நாட்டில் இல்லாத நேரத்தில் அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணிக்க, 1713ஆம் ஆண்டு ஒரு தலைமைப் பிரதிநிதியை நியமிக்க உத்தரவிட்டார். ஆனால் அவர் மன்னரின் ஆள்.

பெரிய மாற்றம் 1809ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு ஸ்வீடனின் புதிய அரசியலமைப்பு, நாடாளுமன்றமே தன் சார்பில் ஒரு ஆம்புட்ஸ்மேனைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. மன்னரின் கண்ணாக இருந்த பதவி மக்கள் பக்கம் நகர்ந்தது இப்படித்தான். முதல் ஆம்புட்ஸ்மேனாக லார்ஸ் அகஸ்டின் மன்னர்ஹெய்ம் 1810ஆம் ஆண்டு தேர்வானார்.

அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்வீடனைத் தாண்டி இது எங்கேயும் போகவில்லை. 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பின்லாந்து சேர்த்தது. டென்மார்க்கில் 1955ஆம் ஆண்டு முதல் ஆம்புட்ஸ்மேன் பொறுப்பேற்றார். 1962ஆம் ஆண்டு நியூசிலாந்து, 1966ஆம் ஆண்டு தான்சானியா, 1967ஆம் ஆண்டு பிரிட்டன் என்று வேகமெடுத்தது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதாவது ஒரு வடிவத்தில் இந்த அமைப்பு இருக்கிறது.

உத்தரவு போட முடியாதவர் சொன்னால் யார் கேட்பார்?

நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலாகப் பிரிட்டனில் நடந்த ஒரு பழைய வழக்கைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப்போரில் நாஜிக்களின் கொடுமைக்கு ஆளான பிரிட்டன் மக்களுக்கு இழப்பீடு கொடுக்க 1964ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனி 10 லட்சம் பவுண்டு கொடுத்தது. சாக்சன்ஹவுசன் வதை முகாம் வளாகத்தில் அடைக்கப்பட்டிருந்த 12 பேர் விண்ணப்பித்தார்கள். 'நீங்கள் இருந்த பகுதி வதை முகாமில் சேராது' என்று சொல்லி பிரிட்டன் வெளியுறவுத் துறை மறுத்துவிட்டது.

புகார் பிரிட்டனின் முதல் ஆம்புட்ஸ்மேனான எட்மண்ட் காம்ப்டனிடம் போனது. கோப்புகளை ஆராய்ந்த அவர், துறை முடிவெடுத்த விதமே தவறு என்று 1967 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பிரவுனுக்கு அந்த அறிக்கையில் உடன்பாடு இல்லை. ஆனாலும் இழப்பீடு கொடுக்கப்பட்டது. உண்மை ஆதாரத்தோடு நாடாளுமன்றத்தின் முன்னால் வந்துவிட்ட பிறகு, அதை ஒதுக்கிவிட்டுப் போவது அமைச்சருக்கு எளிதாக இல்லை.

அதாவது ஆம்புட்ஸ்மேனின் பலம் தண்டிப்பதில் இல்லை. மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவதிலும், அதைச் சொல்பவர் யாருடைய கைப்பாவையும் இல்லை என்ற நம்பிக்கையிலும்தான் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று போனாலும் அவர் பரிந்துரைக்கு மதிப்பில்லை.

அப்புறம் எதற்கு சர்வதேச ஒத்துழைப்பு?

இரண்டு காரணங்கள்.

முதலாவது, எல்லை. ஒரு ஆம்புட்ஸ்மேனின் அதிகாரம் அவரது நாட்டு எல்லையோடு முடிந்துவிடும். ஆனால் மக்கள் எல்லையோடு நிற்பதில்லை. ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் வேலை பார்த்து, மூன்றாவது நாட்டில் ஓய்வு பெறுகிறார்கள். பென்ஷன், குழந்தை பராமரிப்பு, விசா, நாடு கடத்தல் என எத்தனையோ விஷயங்களில் இரண்டு நாட்டு அலுவலகங்கள் சம்பந்தப்படுகின்றன.

இரண்டாவது, பாதுகாப்பு. அரசைக் கேள்வி கேட்பவருக்குச் சம்பளமும் பட்ஜெட்டும் வருவது அதே அரசின் கஜானாவில் இருந்துதான். கோபப்பட்ட அரசு அவரை முடக்க நினைத்தால் உள்நாட்டில் அவருக்குத் துணை நிற்க ஆள் குறைவு. அப்போது வெளியில் இருந்து வரும் குரல் முக்கியமாகிறது.

இந்தத் தேவைகளை உணர்ந்து 1976ஆம் ஆண்டு கனடாவின் எட்மண்டன் நகரில் முதல் சர்வதேச ஆம்புட்ஸ்மேன் மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1978ஆம் ஆண்டு 'சர்வதேச ஆம்புட்ஸ்மேன் நிறுவனம்' உருவானது. சுருக்கமாக ஐ.ஓ.ஐ. பல ஆண்டுகள் எட்மண்டனில் இருந்த இதன் தலைமைச் செயலகம் 2009ஆம் ஆண்டு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு மாறியது. இப்போது 100க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 200க்கும் அதிகமான அமைப்புகள் இதில் இருக்கின்றன.

இது தவிர ஐரோப்பிய ஆம்புட்ஸ்மேன்கள் வலையமைப்பு 1996ஆம் ஆண்டிலும், ஆப்பிரிக்க நாடுகளின் சங்கம் 2003ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. ஸ்பெயின், போர்ச்சுகல், லத்தீன் அமெரிக்க நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பு 1995ஆம் ஆண்டே வந்துவிட்டது.

பைலோஸ் படகு விவகாரத்தில் என்ன நடந்தது?

கிரேக்கக் கடலோரக் காவல்படை மீது கேள்வி கேட்க ஐரோப்பிய யூனியன் ஆம்புட்ஸ்மேனுக்கு அதிகாரம் இல்லை. அவர் ஐரோப்பிய யூனியன் அமைப்புகளை மட்டும்தான் விசாரிக்கலாம். அதே மாதிரி ஃபிரான்டெக்ஸின் கோப்புகளை விசாரிப்பது கிரேக்க ஆம்புட்ஸ்மேனின் வேலை இல்லை. ஒரே சம்பவம், ஆளுக்குப் பாதி.

அப்போது ஐரோப்பிய ஆம்புட்ஸ்மேனாக இருந்த எமிலி ஓ'ரெய்லி 2023 ஜூலையில் ஃபிரான்டெக்ஸ் பக்கத்தை விசாரிக்கத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. விமானம் மூலம் கண்காணிக்க உதவுகிறோம் என்று ஃபிரான்டெக்ஸ் நான்கு முறை கேட்டும் கிரேக்க அதிகாரிகளிடம் இருந்து பதில் வரவில்லை என்று அந்த அறிக்கை சொன்னது. ஃபிரான்டெக்ஸ் தனக்கான விதிகளை மீறவில்லை என்றும், ஆனால் உறுப்பு நாடு அனுமதிக்காமல் அது செயல்பட முடியாத அளவுக்கு அந்த விதிகளே இருக்கின்றன என்றும் அறிக்கை சுட்டிக்காட்டியது.

இன்னொரு பாதி கிரேக்கத்தில். கடலோரக் காவல்படை, தன் அதிகாரிகள் மீது உள் ஒழுங்கு விசாரணை நடத்த மறுத்துவிட்டது. அதனால் 2023 நவம்பரில் கிரேக்க ஆம்புட்ஸ்மேனே நேரடியாக விசாரணையைக் கையில் எடுத்தார். 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியான முடிவில், கடலோரக் காவல்படையின் மூத்த அதிகாரிகள் 8 பேர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். இதற்குக் கிரேக்க அரசுத் தரப்பில் எதிர்ப்பும் கிளம்பியது. காவல்படை தன் மீதான குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து மறுத்து வருகிறது.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழுப் படமும் தெரிகிறது. 'நாங்க உதவ ரெடியா இருந்தோம்' என்று ஒரு பக்கமும், 'எங்க கடமையைச் செய்தோம்' என்று இன்னொரு பக்கமும் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழி அடைபடுகிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இதுவே நீதி ஆகிவிடாது. ஆனால் அவர்கள் கையில் அரசுகளே மறுக்க முடியாத ஆவணம் இருக்கிறது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் இருந்து பல நாட்டவர்களை ஒரே விமானத்தில் ஏற்றி நாடு கடத்தும் நடவடிக்கைகளை ஃபிரான்டெக்ஸ் ஒருங்கிணைக்கிறது. அந்த விமானங்களில் மனித உரிமை மதிக்கப்படுகிறதா என்று 2014ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆம்புட்ஸ்மேன் தானாக முன்வந்து விசாரித்தபோது, உறுப்பு நாடுகளின் ஆம்புட்ஸ்மேன்களின் அனுபவத்தையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்.

தவறான கதவைத் தட்டினால்?

ஒத்துழைப்பு என்றதும் பெரிய மாநாடு, கைகுலுக்கல், குரூப் போட்டோ என்று நினைத்துவிட வேண்டாம். அன்றாடம் நடக்கும் வேலை ரொம்பச் சாதாரணமானது.

பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய அதிகாரிகள் மீது கொடுக்க வேண்டிய புகாரை உள்ளூர் ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்புபவர்கள் உண்டு. உள்ளூர் நகராட்சி மீதான புகாரை ஐரோப்பிய ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்புபவர்கள் இன்னும் அதிகம். 'இது எங்கள் வரம்பில் வராது' என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட்டால் பலர் அத்தோடு சோர்ந்து விட்டுவிடுவார்கள். வலையமைப்பு இருப்பதால், சரியான அலுவலகம் எது என்று சொல்லவும், தேவைப்பட்டால் புகாரை அங்கேயே மாற்றி அனுப்பவும் முடிகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு நாட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு, விசாரிக்கும் வழக்கில் ஐரோப்பிய யூனியன் சட்டம் என்ன சொல்கிறது என்று சந்தேகம் வந்தால், ஐரோப்பிய ஆம்புட்ஸ்மேனிடம் எழுதிக் கேட்கலாம். அவர் பதிலைத் தானே சொல்வார் அல்லது ஐரோப்பிய ஆணையத்திடம் கேட்டு வாங்கித் தருவார்.

வெனிஸ் கோட்பாடுகள் என்றால் என்ன?

சில நாடுகளில் பெயருக்கு ஒரு ஆம்புட்ஸ்மேனை வைத்துவிட்டு, அவர் கையைக் கட்டிப்போட்டு விடுவார்கள். அப்படியென்றால் உண்மையான ஆம்புட்ஸ்மேன் எப்படி இருக்க வேண்டும்? இதற்கு உலகம் ஒத்துக்கொள்ளும் ஒரு அளவுகோல் நீண்ட காலமாக இல்லை.

ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம் 2019 மார்ச்சில் 25 கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. ஐ.ஓ.ஐ. உள்ளிட்ட ஆம்புட்ஸ்மேன் சங்கங்களின் கருத்துகளைக் கேட்டே இது தயாரானது. அதில் முக்கியமானவை:

* ஆம்புட்ஸ்மேன் பதவி சட்டத்தில், முடிந்தால் அரசியலமைப்பிலேயே இடம்பெற வேண்டும்.

* நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பது நல்லது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையைவிட அதிக ஆதரவு இருந்தால் சிறப்பு. ஆளுங்கட்சி மட்டும் நினைத்து ஒருவரை உட்காரவைக்க முடியக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

* ஒரே ஒரு பதவிக்காலம் இருப்பது விரும்பத்தக்கது. அப்படியானால் அது 7 ஆண்டுகளுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மறுபடி பதவி வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் யாருக்கும் பணிய வேண்டியதில்லை.

* நினைத்தபோது நீக்க முடியாது. என்னென்ன காரணங்களுக்காக நீக்கலாம் என்று சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

* ஆவணங்கள், கணினித் தரவுகள், சிறைகள் என எதையும் தடையின்றிப் பார்க்க உரிமை வேண்டும்.

* போதுமான, சுதந்திரமான பட்ஜெட் வேண்டும்.

* புகார் கொடுக்க மக்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

* பதவியில் இருந்தபோது பேசியதற்கும் செய்ததற்கும் வழக்கு போட்டு மிரட்ட முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

2020 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் இந்தக் கோட்பாடுகளுக்கு ஆதரவு தெரிவித்தது. இதனால் ஐரோப்பாவில் பிறந்த ஒரு ஆவணம் உலக அளவுகோலாக மாறியது. இது சட்டப்படி எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஆனால் 'உங்கள் நாட்டு ஆம்புட்ஸ்மேன் சட்டம் இதற்குப் பொருந்துகிறதா?' என்று கேட்க ஒரு பட்டியல் கிடைத்துவிட்டது.

ஆம்புட்ஸ்மேனுக்கே ஆபத்து வந்தால்?

போலந்தைப் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டு அங்கே சிவில் உரிமைகள் ஆணையராக, அதாவது ஆம்புட்ஸ்மேனாக ஆடம் போட்னர் 5 ஆண்டுக் காலத்துக்குப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு ஆட்சி மாறியது. நீதித்துறையில் அரசு கொண்டுவந்த மாற்றங்களை அவர் வெளிப்படையாக விமர்சித்தார். விளைவு, அவர் கேட்ட பட்ஜெட் கிடைக்கவில்லை, வெட்டப்பட்டது. 2019ஆம் ஆண்டு அரசுத் தொலைக்காட்சி அவர் பேசிய கருத்துக்காக அவர் மீதே வழக்கு போட்டது.

இந்த நேரத்தில்தான் வெளியில் இருந்து குரல்கள் வந்தன. ஐ.ஓ.ஐ. 2016ஆம் ஆண்டே உண்மை அறியும் குழுவைப் போலந்துக்கு அனுப்பி அறிக்கை வெளியிட்டது. பிறகு ஐரோப்பிய, சர்வதேச மனித உரிமை அமைப்புகளோடு சேர்ந்து அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. 2018ஆம் ஆண்டு நார்வேயின் ராஃப்டோ பரிசு அவருக்கும் அவரது அலுவலகத்துக்கும் கிடைத்தது.

இதனால் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. 2020 செப்டம்பரில் அவர் பதவிக்காலம் முடிந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அடுத்தவர் யார் என்பதில் ஒத்துப்போகவில்லை. சட்டப்படி, புதியவர் வரும்வரை பழையவர் தொடரலாம். அப்படித் தொடர்வது செல்லாது என்று 2021 ஏப்ரலில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் சொன்னது. 3 மாத அவகாசமும் கொடுத்தது. கடைசியில் 2021 ஜூலையில் இரு அவைகளும் சட்டப் பேராசிரியர் மார்சின் வியாச்செக்கை ஏற்றுக்கொண்டன.

வெளிநாட்டு ஆதரவால் போட்னரின் பதவியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் 5 ஆண்டு முழுக்க அவர் பேசாமல் இருக்கவில்லை. அவருக்கு நடந்தது எல்லாம் ஆவணமாக உலகத்தின் முன் இருந்தது. ஆளுங்கட்சி மட்டும் விரும்பிய ஒருவர் அந்த நாற்காலிக்கு வரவில்லை.

போர் நடக்கும்போதும் பேசுவார்களா?

பேசியிருக்கிறார்கள். ரஷ்யாவும் உக்ரைனும் போரில் இருக்கும்போதே, 2023 ஜனவரியில் துருக்கித் தலைநகர் அங்காராவில் ஒரு சர்வதேச ஆம்புட்ஸ்மேன் மாநாடு நடந்தது. அங்கே உக்ரைன் ஆம்புட்ஸ்மேன் டிமிட்ரோ லுபினெட்ஸும், ரஷ்ய ஆம்புட்ஸ்மேன் டட்டியானா மொஸ்கல்கோவாவும் துருக்கி ஆம்புட்ஸ்மேன் முன்னிலையில் சந்தித்தார்கள். போர்க் கைதிகள் பரிமாற்றம்தான் பேச்சின் மையம்.

அதற்குப் பிறகும் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு பெலாரஸில் நடந்த சந்திப்பில் போர்க் கைதிகளின் கடிதங்கள் கைமாறின. போரால் பிரிந்த குடும்பங்களைச் சேர்ப்பது, காணாமல் போனவர்களைத் தேடுவது ஆகியவையும் இவர்கள் பேசும் விஷயங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ரஷ்ய ஆம்புட்ஸ்மேன் தன் நாட்டு அரசிடம் இருந்து எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறார் என்ற விமர்சனம் வலுவாகவே இருக்கிறது. ஆனாலும் அமைச்சர்களும் தூதர்களும் பேச முடியாத நேரத்தில், 'என் மகன் உயிரோடு இருக்கிறானா?' என்ற ஒரு தாயின் கேள்வியை எதிரி நாட்டுக்குக் கொண்டுபோக ஒரு வழியாவது திறந்திருக்கிறது.

ஒருவரை ஒருவர் சோதிப்பதும் உண்டு

அரசை ஆம்புட்ஸ்மேன் கேள்வி கேட்கிறார். ஆம்புட்ஸ்மேனை யார் கேட்பது? அவரது அலுவலகமே புகாரைத் தாமதித்தால்? அரசு அவரைச் சோதிக்க ஆரம்பித்தால் சுதந்திரம் போய்விடும். அதற்காகத்தான் வேறு நாட்டு ஆம்புட்ஸ்மேனை அழைத்துவந்து, 'எங்கள் வேலையைப் பார்த்து மதிப்பிடுங்கள்' என்று கேட்கும் வழக்கம் வந்தது. 2018ஆம் ஆண்டு பிரிட்டன் நாடாளுமன்ற, சுகாதாரத் துறை ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தை அப்போதைய அயர்லாந்து ஆம்புட்ஸ்மேன் பீட்டர் டிண்டல் தலைமையிலான குழு மதிப்பிட்டது. இதற்கான வழிகாட்டுதலை ஐ.ஓ.ஐ. பிறகு வெளியிட்டது.

பயிற்சியும் முக்கியம். கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் நடத்திவரும் ஒரு பயிற்சியின் பெயர் 'பற்களைக் கூர்மையாக்குங்கள்'. ஒரு தனி மனிதரின் புகாரில் இருந்து, ஒரு துறையின் அடிப்படைக் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பல நாட்டு விசாரணை அதிகாரிகள் இதில் கற்றிருக்கிறார்கள்.

ஆசியாவில், இந்தியாவில் நிலை என்ன?

ஆசிய ஆம்புட்ஸ்மேன் சங்கம் 1996ஆம் ஆண்டு பாகிஸ்தான் தலைநகர் இஸ்லாமாபாத்தில் உருவானது. பாகிஸ்தானில் 1983ஆம் ஆண்டு முதலே மத்திய ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். வெளிநாடுகளில் வேலை பார்க்கும் பாகிஸ்தானியர்களின் புகாருக்கென்றே அவரது அலுவலகத்தில் தனி ஆணையர் உண்டு.

இலங்கையில் 1978 அரசியலமைப்பின் 156ஆவது பிரிவும், 1981ஆம் ஆண்டின் சட்டமும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவியை உருவாக்கின. அங்கே மக்கள் இதை ஒம்புட்ஸ்மன் என்றே அழைக்கிறார்கள். முதலில் பாராளுமன்றக் குழு வழியாகத்தான் புகார் போக முடியும் என்று இருந்தது. 1994ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மக்கள் நேரடியாகக் கொடுக்கலாம்.

இந்தியாவில் 1966ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நிர்வாகச் சீர்திருத்த ஆணையம்தான் லோக்பால், லோக் ஆயுக்தா அமைப்புகளைப் பரிந்துரைத்தது. ஆம்புட்ஸ்மேன் முறையே அதற்கு முன்மாதிரி. லோக்பால் சட்டம் வர 2013ஆம் ஆண்டு ஆனது. முதல் தலைவர் 2019 மார்ச்சில்தான் நியமிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா சட்டம் 2018ஆம் ஆண்டு வந்தது.

ஆனால் லோக்பால் விசாரிப்பது ஊழல் புகார்களை. லஞ்சம் யாரும் கேட்கவில்லை, ஆனால் கோப்பு மட்டும் நகரவே இல்லை என்ற வகைப் புகார்களை மத்திய அரசு அளவில் விசாரிக்க, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் தனி ஆம்புட்ஸ்மேன் இந்தியாவில் இல்லை. அரசே நடத்தும் குறைதீர்ப்பு இணையதளங்கள் இருக்கின்றன. அரசுக்கு வெளியே நின்று கேட்பவருக்கும், அரசுக்குள் இருந்து பதில் சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

குறைகளே இல்லையா?

இருக்கின்றன. சர்வதேச அமைப்பில் சேர்வது விருப்பத்தைப் பொறுத்தது. எந்த நாட்டுக்கும் ஐ.ஓ.ஐ. உத்தரவு போட முடியாது. கண்டன அறிக்கையை அரசு குப்பையில் போட்டாலும் தடுக்க வழியில்லை.

அடுத்தது, ஒரு நாட்டு விசாரணை ஆவணத்தை இன்னொரு நாட்டிடம் கொடுப்பதில் ரகசியச் சட்டங்கள் குறுக்கே நிற்கும். மூன்றாவது, ஐரோப்பாவில் இருக்கும் மாதிரி நெருக்கமான வலையமைப்பு மற்ற இடங்களில் இல்லை. அங்கே ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குப் பொதுவான சட்டமும், ஐரோப்பிய யூனியன் அமைப்புகளை விசாரிக்கப் பொதுவான ஆம்புட்ஸ்மேனும் இருக்கிறார்கள். ஆசியாவில் இரண்டுமே கிடையாது. வேலைக்காக எல்லை தாண்டுபவர்கள் அதிகம் இருக்கும் இந்தக் கண்டத்தில்தான் அந்த இடைவெளி பெரிதாகத் தெரிகிறது.

சுருக்கமாகச் சொன்னால்...

ஆம்புட்ஸ்மேன் கையில் லத்தியும் இல்லை, தீர்ப்பு எழுதும் பேனாவும் இல்லை. கேள்வி கேட்கும் உரிமையும், கிடைத்த பதிலை ஊருக்குச் சொல்லும் உரிமையும்தான் இருக்கின்றன. புகார் எல்லை தாண்டும்போது அந்தக் கேள்வி பாதியில் நின்றுவிடும். கேட்பவரையே அரசு முடக்கினால் கேள்வியே எழாது. இந்த இரண்டு இடங்களிலும்தான் மற்ற நாட்டு ஆம்புட்ஸ்மேன்கள் தேவைப்படுகிறார்கள்.

அடுத்த முறை 'ஆம்புட்ஸ்மேன் அறிக்கை வெளியீடு' என்று ஒரு வெளிநாட்டுச் செய்தி கண்ணில் பட்டால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அவரை நியமித்தது யார்? அவரை நீக்க யாரால் முடியும்? அவர் கேட்ட கோப்புகள் எல்லாம் கிடைத்தனவா? அந்த அறிக்கையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்த மூன்று பதில்களே போதும்.